மிச்சம்: ஒன்றரை யூனிட்

ஏப்ரல் 1

இன்று காலை எட்டு மணிக்கு வைரம் நகர் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் குப்பண்ணசாமி வந்து எங்கள் வீட்டு மீட்டரில் ரீடிங் எடுத்துக்கொண்டு போனார். மின்சிக்கனப் போட்டி ஆரம்பம். இரண்டு மாதம். மே 31 அன்று மறுபடி ரீடிங் எடுப்பார்கள். எந்த வீட்டில் குறைச்சலாக ஓடியிருக்கிறதோ அந்த வீட்டுக்குக் கேடயம். கலந்துகொள்கிறவர்கள் தினப்படி நாட்குறிப்பும் எழுத வேண்டும். நல்ல நாட்குறிப்பை விழா மேடையில் மைக்கில் வாசிப்பார்களாம்.

மொத்தம் நாற்பத்திரண்டு வீடு. இதில் 23-ஆம் எண் வீட்டுக்காரர் மஸ்கட் போய் இரண்டு வருஷமாகிறது. பூட்டிக் கிடக்கிற வீடு, அதைச் சேர்க்க வேண்டியதில்லை. ஆக, நாற்பது வீட்டை நான் ஜெயிக்க வேண்டும். எனக்கு இது ஒரு பொருட்டே அல்ல. நான் நாச்சிமுத்து. பல்லடத்தில் ஸ்பின்னிங் மில்லில் முப்பத்து நாலு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன். மூன்று நிமிஷம் லேட்டாக வந்தவனுக்கு அரை நாள் வெட்டியவன். நிமிஷத்தைப் பிடிக்கத் தெரிந்தவனுக்கு யூனிட்டைப் பிடிக்கத் தெரியாதா?

பாவாத்தாளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி, உளுந்து களைந்துகொண்டிருந்தாள்.

"கேடயத்த வெச்சு என்னுங் பண்றது?" என்றாள்.

இந்த மாதிரி ஆட்களை வைத்துக்கொண்டுதான் நான் போட்டியில் இறங்கியிருக்கிறேன்.

ஏப்ரல் 3

பாத்ரூம் விளக்கு காலை 6.10 முதல் 6.31 வரை எரிந்தது. உள்ளே யாரும் இல்லை. மில்லில் கொடுப்பது போலவே எழுதிக் கொடுத்தேன்.

மெமோ எண் 1. பெறுபவர்: திருமதி பாவாத்தாள். குற்றம்: ஆளில்லாத இடத்தில் 21 நிமிஷம் விளக்கு எரியவிட்டது. விளக்கம் 24 மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் தர வேண்டும்.

அந்த மெமோத் தாளில் வெல்லம் பொதிந்து வைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 6

எதிர்வீட்டு வெள்ளிங்கிரி போட்டியில் இருக்கிறார். ரிடயர் ஆன பஸ் கண்டக்டர். போன வருஷம் மொட்டை மாடி முழுக்க சோலார் தகடு போட்டதிலிருந்து ஆள் தரையில் நடப்பதில்லை. சூரியனே தன் சொந்தக்காரர் மாதிரி பேசுகிறார்.

"சும்மா வருதுங்ண்ணா! மேல இருந்து அவன் கொட்டறான், கீழ நான் புடிச்சுக்கறேன்!"

சும்மா வருகிறதென்று காலை பத்து மணிக்கே ஏசியைப் போட்டுவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தகட்டில் தூசி படிந்தால் கரண்ட் குறையுமென்று, போர் மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டுத் தகட்டைக் கழுவுகிறார். போதாததற்குத் திருஷ்டிப் பூசணிக்காய் ஒன்றை உயரமான கம்பியில் கட்டி மாடியில் தொங்கவிட்டிருக்கிறார். அதன் நிழல் சரியாக மத்தியானம் வரைக்கும் இரண்டு தகட்டின் மேல் விழுகிறது. நான் பார்த்துவிட்டேன். சொல்லவில்லை, எதற்குச் சொல்ல வேண்டும்?

ஏப்ரல் 9

ஃப்ரிட்ஜை இரவில் நிறுத்த ஆரம்பித்து நாலு நாள். இட்லி மாவு கொஞ்சம் புளிப்பு. வயிற்றுக்கு நல்லது.

ஏப்ரல் 10

மாவு பொங்கி ஃப்ரிட்ஜுக்குள் வழிந்துவிட்டது. வயிறும் சரியில்லை. ஆனாலும் இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஏப்ரல் 13

சூரிய அடுப்பு செய்தேன். அட்டைப்பெட்டி, உள்ளே வெள்ளித்தாள், மேலே கண்ணாடி. காலை ஒன்பது மணிக்கு அரிசியை வைத்தேன். வெயில் நகர நகரப் பெட்டியைத் திருப்ப வேண்டும், அதனால் நானும் மாடியிலேயே குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்குச் சாதம் பிரமாதமாக வந்தது. ஒரு பைசா கரண்ட் இல்லை, ஒரு சொட்டு எரிவாயு இல்லை. (பாவாத்தாள் அதைக் குக்கரில் போட்டு நாலு விசில் விட்டாள். அது வெறும் ருசிக்காக.)

இரவெல்லாம் எனக்குத் தலைவலி. வெயிலினால் இல்லை.

ஏப்ரல் 17

பாவாத்தாள் மூன்று நாளாக வெள்ளிங்கிரி வீட்டுக்குப் போய்வருகிறாள். காலையில் ஊறவைத்த அரிசியோடு போகிறாள், ஆட்டிய மாவோடு வருகிறாள். மத்தியானம் போனால் சாயந்திரம்தான் வருகிறாள். எனக்குப் புரிந்துவிட்டது. எதிரியின் கோட்டைக்குள் புகுந்து வேவு பார்க்கிறாள். முப்பத்தோரு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியது வீண்போகவில்லை.

"என்ன புள்ள, அங்க என்ன நடக்குது?" என்று கேட்டேன்.

"காத்து நடக்குதுங்" என்றாள்.

ஏப்ரல் 22

நம் மீட்டரின் ஓட்டம் நன்றாகக் குறைந்திருக்கிறது. கிரைண்டர் ஓடவில்லை, அயர்ன் பாக்ஸ் ஓடவில்லை, டிவி ஓடவில்லை. பாவாத்தாள் நாடகம் பார்ப்பதும் அங்கேதான். வெள்ளிங்கிரியின் மனைவி சம்பூரணம் நல்ல மாதிரி. எதிரியின் கரண்டில் நம் மாவு! இதைவிட ராஜதந்திரம் உண்டா?

ஏப்ரல் 26

இரவு பாவாத்தாள் படுக்கை அறை ஃபேனை ஐந்தில் வைத்தாள். நான் இரண்டுக்கு இறக்கினேன். அவள் ஐந்துக்கு ஏற்றினாள். இப்படியே நாலு தரம். கடைசியில் எழுந்து போய் அந்த அறையின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என் அரைஞாணில்.

ஜன்னல் திறந்தே இருக்கிறது. பாவாத்தாள் கை விசிறியைத் தேடி எடுத்துக்கொண்டாள். விசிறிக்கு மீட்டர் ஓடாது.

ஏப்ரல் 30

மெமோ எண் 7. பெறுபவர்: அதே. குற்றம்: பழைய மெமோக்களுக்கு விளக்கம் தராதது.

மே 4

அக்கினி நட்சத்திரம் இன்று ஆரம்பம். ரேடியோவில் நாற்பத்தொரு டிகிரி என்றார்கள்.

பதினோரு மணிக்கு அடுக்களையில் சத்தம். பாவாத்தாள் தரையில் படுத்திருந்தாள். சிமென்ட் தரை இயற்கையாகவே குளிர்ச்சியானது. மிக்ஸி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தினேன். பிறகு கூப்பிட்டேன். எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. எனக்குக் கை நடுங்கியது, அது பசியாக இருக்கும்.

சம்பூரணம் ஓடி வந்தார். வெள்ளிங்கிரி காரை எடுத்தார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஒரு பாட்டில் ஏற்றினார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண். "வீட்டுல ஃபேன் இல்லீங்களா?" என்று கேட்டது. இருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் ஏசியில் இருந்தோம். அது நம் மீட்டரில் சேராது.

மே 6

பாவாத்தாள் பையில் துணியை அடுக்கினாள். தாராபுரத்தில் அவள் அக்கா மயிலாத்தாள் வீட்டுக்குப் போகிறாளாம்.

"எப்ப வருவ?" என்றேன்.

"படுக்கற ரூம்புல ஃபேன் ஓடுச்சுன்னா ஒரு போன் பண்ணுங். அடுத்த பஸ்ஸுக்கே வந்தர்றேன். ஓடாம வர மாட்டேன். இது வெளையாட்டுக்குச் சொல்றதில்லீங், சாமி சத்தியமா வர மாட்டேன்."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் ஏற்றிவிட்டேன். 9.40 பஸ். நிமிஷம் பிசகாமல் எடுத்தான். நல்ல டிரைவர்.

இரண்டு நாளில் வந்துவிடுவாள். அதுவரைக்கும் மிச்சம்: நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட்.

மே 8

இரண்டு நாள் ஆயிற்று. மிச்சம்: மூன்று யூனிட்.

மே 11

ஒருவருக்காக ஃப்ரிட்ஜ் எதற்கு? முழுசாக நிறுத்திவிட்டேன். சாப்பாடு பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸில். சாம்பாரில் பெருங்காயம் அதிகம். பாவாத்தாள் இவ்வளவு போட மாட்டாள்.

செல்போனும் அணைத்தே இருக்கிறது. சார்ஜ் போட்டால் ரீடிங்கில் ஏறும். யார் நம்மைக் கூப்பிடப் போகிறார்கள்?

மே 14

கிளை நூலகத்தில் சேர்ந்துவிட்டேன். காலை ஒன்பதிலிருந்து மூடும் வரைக்கும் அங்கேதான். நான் வாசிப்பதில் ஆர்வமுள்ளவன் என்பது இந்த வயதில்தான் தெரிகிறது. வடகிழக்கு மூலை நாற்காலிக்கு நேர் மேலே ஃபேன். அதில் நேற்று வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். அவர் எழுந்து போகும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன்.

மே 16

நூலகத்துக்கு விடுமுறை. வெள்ளிங்கிரி வீட்டுக்குப் போனேன். எதிரியின் ஏற்பாடுகளை நேரில் ஆய்வு செய்வதற்காக. ஏசி அறையில் சோபாவில் உட்கார்ந்து ஆய்வு செய்தேன். எழுந்தபோது மணி நாலேகால். மேலே கம்பளி போர்த்தியிருந்தது.

"தங்கச்சி போன் பண்ணுச்சுங்ண்ணா" என்றார் வெள்ளிங்கிரி. "உங்க போனு போகலையாமா. சாப்புட்டாரான்னு கேட்டுச்சு."

"என்னன்னு சொன்னீங்க?"

"சோபாவுல கெடக்கறார்னு சொன்னேன். சிரிச்சுப் போட்டு வெச்சிருச்சு."

எனக்குக் கோபம்தான் வந்தது. பூசணிக்காய் நிழலைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொல்லிவிட்டேன். மனுஷன் மாடிக்கு ஓடினார்.

மே 19

சாயந்திரம் மீட்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அதில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. கரண்ட் ஓடினால் சிமிட்டும். நிறைய ஓடினால் வேகமாகச் சிமிட்டும். இன்று ரொம்ப நேரத்துக்கு ஒரு தரம்தான் சிமிட்டியது. நான் அடுத்ததற்காகக் காத்திருந்தேன். அது சிமிட்டினால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. சிக்கனத்துக்காகச் சொல்கிறேன்.

மே 24

பதினெட்டு நாள். மில்லில் பத்து நாள் சொல்லாமல் வராதிருந்தால் பேரை ரோலிலிருந்து அடித்துவிடுவோம். அந்தச் சட்டப்படி ஒரு மெமோ எழுதினேன். எண் 8. பெறுபவர் பேரை எழுதி முடித்ததும் கை ஓடவில்லை. கிழித்துப் போட்டுவிட்டேன்.

பீரோவைத் திறந்தேன். ஃபியூஸ் கட்டை அங்கேயே இருந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். இன்னும் ஏழு நாள்தான். ஏழு நாளைக்கு ஒரு மனுஷி பொறுக்க மாட்டாளா? திரும்ப வைத்துப் பூட்டினேன்.

மிச்சம்: இருபத்தேழு யூனிட்.

மே 31

குப்பண்ணசாமி வந்து ரீடிங் எடுத்தார். இரண்டு மாதத்துக்கு நாற்பத்தாறு யூனிட். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஏனுங் நாச்சிமுத்து, வீட்டுல ஆள் இருந்தீங்களா?" என்றார்.

"நான் இருந்தேன்" என்றேன்.

இந்த நாட்குறிப்பையும் இப்போது அவரிடம் கொடுக்கப் போகிறேன். மறைக்க ஒன்றுமில்லை. எல்லாம் சிக்கனம்.

ஜூன் 1

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். எழுதுகிறேன்.

விழா சாயந்திரம் ஐந்து மணிக்கு, பிள்ளையார் கோயில் மைதானத்தில். 'மின்சாரம் சேமிப்போம்' என்று சீரியல் பல்பாலேயே எழுதி வளைவு கட்டியிருந்தார்கள். ஐந்தரைக்குக் கரண்ட் போயிற்று. டீசல் ஜெனரேட்டரை வைத்தார்கள். அது போட்ட சத்தத்தில் சிக்கனத்தைப் பற்றிப் பேச வந்தவர் தொண்டை கட்டும்வரை கத்த வேண்டியதாயிற்று. புகை முழுக்க முதல் வரிசைக்கு. நான் முதல் வரிசை.

அப்போதுதான் பார்த்தேன், பெண்கள் பக்கத்தில் சம்பூரணத்துக்கு அடுத்த நாற்காலியில் பாவாத்தாள். மாம்பழக் கலர் சேலை. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். நான் எழுந்து கையைக் காட்டினேன். அவள் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குப்பண்ணசாமி மைக்கைப் பிடித்து, "முன்மாதிரியான நாட்குறிப்பு ஒண்ணு வந்திருக்குதுங்" என்று சொல்லி என்னுடையதை வாசிக்க ஆரம்பித்தார். சூரிய அடுப்புக்குச் சனம் சிரித்தது. பூசணிக்காய் நிழலுக்கு வெள்ளிங்கிரி தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இடுப்பில் துண்டைக்கூட இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

பிறகு மே நாலாம் தேதி வந்தது. வாசித்துக்கொண்டே போனவர் மிக்ஸியை நிறுத்திய இடத்தில் குரலை இறக்கினார். ஆறாம் தேதியை வாசித்தார். "மிச்சம்: நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட்." யாரும் சிரிக்கவில்லை. ஜெனரேட்டர் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. நான் எழுதும்போது அது ஒரு கணக்காகத்தான் இருந்தது. மைக்கில் கேட்டபோது வேறு மாதிரி இருந்தது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன், இரண்டு பக்கமும் நாற்காலி.

"சரி, பரிசுக்குப் போயரலாமுங்" என்று குப்பண்ணசாமி அவசரமாகக் காகிதத்தைப் புரட்டினார். "ரெண்டாம் பரிசு, நாற்பத்தாறு யூனிட், நாச்சிமுத்து குடும்பம்."

ரெண்டாம் பரிசா! நான் எழுந்துவிட்டேன். "எனக்குக் கீழ யாருங் இருக்கறாங்க?"

"முதல் பரிசு, கதவு எண் 23. பூஜ்ஜியம் யூனிட்."

"அது பூட்டிக் கெடக்குற வீடுங்!"

"பூட்டுன வீட்டச் சேத்தக்கூடாதுன்னு விதியில இல்லீங்க. கொறச்சலா ஓடுன வீட்டுக்குத்தான் கேடயம்னு போட்டிருக்குது. விதி விதிதானுங்."

விதியைப் பற்றி எனக்கே பாடம். நானும் மில் கேட்டில் இதே வார்த்தையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! 23-ஆம் எண்ணுக்காகக் காலனி வாட்ச்மேன் மேடையேறிக் கேடயத்தை வாங்கிக்கொண்டார். சனம் கை தட்டியது. எனக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

வீட்டுக்கு நடந்து வரும்போது பாவாத்தாள் கூட வந்தாள். நாலு எட்டு தள்ளி.

"மேல்முறையீடு பண்ணப் போறேன்" என்றேன். "ஆளே இல்லாத வீட்டுக்குப் பரிசாமா! அநியாயம்!"

"எதுக்குங் அநியாயம்?" என்றாள். "நீங்களும் அதுக்குத்தானுங் பாடுபட்டீங்க. என்னையத் தொரத்தியாச்சு. நீங்களும் பொழுதுக்கும் நூலகத்துல. இன்னொரு பத்து நாள் இருந்திருந்தா நீங்களும் பூட்டிப் போட்டுப் போயிருக்கலாம். கேடயம் நமக்கு வந்திருக்கும்."

வீட்டு வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, அவள் சம்பூரணம் வீட்டில் படுக்கப் போய்விட்டாள். காலை பஸ்ஸுக்குத் தாராபுரம் போகிறாளாம். போகும்போது கையை நீட்டி, விழா முடிந்து குப்பண்ணசாமி திருப்பிக் கொடுத்த நாட்குறிப்பை வாங்கிக்கொண்டாள். படிக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக் கொடுத்தேன்.

இதையெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நாளைக்கு நாட்குறிப்பில் ஒட்ட வேண்டும்.

ஜூன் 2

காலை ஏழு மணிக்கு வாசற்படியில் நாட்குறிப்பு இருந்தது. பாவாத்தாள் கையெழுத்தில் ஒரு பக்கம்:

*மெமோ எண் 9. பெறுபவர்: திரு. நாச்சிமுத்து. குற்றம்: மே நாலாந்தேதி நான் வுழுந்து கெடந்தப்ப மொதல்ல மிக்ஸிய நிறுத்துனது. ரெண்டாவதா என்னையக் கூப்புட்டது. வெளக்கம் ஒம்போது மணிக்குள்ள எழுதித் தரோணும். பஸ்சு ஒம்போது நாப்பதுக்கு. இப்படிக்கு, பாவாத்தாள்.*

முப்பத்து நாலு வருஷத்தில் ஆயிரம் பேரிடம் விளக்கம் வாங்கியிருக்கிறேன். ஒன்றுகூட நான் எழுதியதில்லை. மூன்று தரம் எழுதிப் பார்த்தேன்.

விளக்கம்: ~~மிக்ஸி சூடாகித் தீப்பிடிக்கும் அபாயம் இருந்ததால்~~

விளக்கம்: ~~பதற்றத்தில் எது முதலில் என்று தெரியாமல்~~

விளக்கம்: தெரிந்துதான் நிறுத்தினேன். யூனிட் போகிறதே என்று நிறுத்தினேன். நிறுத்திவிட்டுத் திரும்பினால் நீ கண்ணைத் திறக்கவில்லை. அன்றைக்கு நான் பயந்தேன் பாவாத்தா. பசியில் கை நடுங்கவில்லை. பயந்ததை எழுதினால் மேடையில் வாசிப்பார்களே என்று பசி என்று எழுதினேன். நீ இல்லாத இருபத்தாறு நாளும் இந்த வீட்டில் எனக்கு இருக்க முடியவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

எட்டு ஐம்பதுக்கு எதிர்வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் நிதானமாக இரண்டு தரம் படித்தாள். சம்பூரணத்திடம் கொடுத்தாள், அவரும் படித்தார். வெள்ளிங்கிரியும் எட்டிப் பார்த்தார். கேட்டில் நிற்கிற லேட் ஆசாமி மாதிரி நான் நின்றேன்.

"கையெழுத்துப் போடலீங்களே?" என்றாள் பாவாத்தாள்.

போட்டேன்.

"ஃபேன்?"

வீட்டுக்கு ஓடினேன். அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்க்க வரவில்லை, குனிந்தபடியே பீரோவைத் திறந்தேன். ஃபியூஸ் கட்டையைச் செருகி ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் முதலில் முனகியது, ஒட்டடையை என் தலையில் கொட்டியது, பிறகு சுற்றியது. கூப்பிடத் திரும்பினால் அவள் பையோடு அறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"ரெண்டுல சுத்துது" என்றாள்.

ஐந்தில் வைத்தேன்.

அவள் இப்போது கட்டிலில் சாய்ந்திருக்கிறாள். பை தரையில் இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை. மீட்டர் சிமிட்டுகிற வேகத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. போகவில்லை.

தாராபுரம் பஸ் 9.40. இப்போது மணி 10.05. காகிதம் பறக்கிறது, இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.